ஜொகூருக்குப் போனவர்

நாங்கள் கப்பலைவிட்டு இறங்கிய அன்று என் வீட்டுக்காரர் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி நேராகச் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப்போனார். "பெரியப்பா வீட்ல பின்கட்டு அறையைச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அவருக்குச் சிங்கப்பூரில் ஒரு பெரியப்பா இருப்பதாகக் கல்யாணப் பேச்சில் யாரும் சொன்னதில்லை. யாராக இருக்கும் என்று குழம்பிக்கொண்டே போனேன். போன பிறகுதான் விளங்கியது. அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் பெரியப்பா, அவர் மனைவி பெரியம்மா. சொந்தம் என்று பார்த்தால் எங்களுக்குள் ஒன்றுமில்லை.

முதல் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தைய காலம் அது. என் வீட்டுக்காரர் டிராம் வண்டியில் கண்டக்டர். பெரியப்பா பால்காரர். வீட்டுக்குப் பின்னால் தொழுவம், அதில் கறவை மாடுகள். எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் தொழுவம்தான். முதல் சில வாரங்கள் சாணி வாசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், என் சாப்பாட்டை முன்கட்டுக்கு மாற்றினார். மாடியில் அவர்கள் மகன் இருந்தார். படகுத்துறைப் பக்கம் ஒரு கிடங்கில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. அவரையும் அவர் மனைவியையும் அண்ணன், அண்ணி என்று கூப்பிட்டேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் சின்ன வயதிலேயே கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர்கள். நான் பார்த்தபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு ஒன்றாகப் போவார்கள். பெரியப்பா முன்னால் பால் செம்போடு, பெரியம்மா நாலடி பின்னால் பூக்கூடையோடு. தைப்பூசத்துக்குச் சாலையோரம் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய யாருக்காவது வேலை கிடைக்கும்வரை அந்த வீட்டில் ஒரு பாயும் ஒரு தட்டும் இருக்கும். சொந்தக்காரர் இல்லாமல் யாராவது செத்துப்போனால் தூக்கிப்போக ஆள் வந்து பெரியப்பாவைத்தான் கூப்பிடும். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும். எங்கே போனீர்கள், யார் என்று பெரியம்மா கேட்டு நான் பார்த்ததில்லை.

பொதுவாகவே அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பெரியப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெரியம்மா சாப்பிடுவார். அவர் ஈரத்துண்டை நீட்டினால் இவர் வாங்கிக்கொள்வார். புதிதாகக் கல்யாணமான எனக்கு இது ஆசையா, பழக்கமா என்று புரியவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் அப்போது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம். பேசாமல் எப்படி இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். "எல்லாம் பேசி முடிச்சிருப்பாங்க" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. நாட்கணக்கில் கண் திறக்கவில்லை. நெற்றியில் ஈரத்துணி போடுவதும் கஞ்சி ஊட்டுவதும் நானும் அண்ணியும் மாற்றி மாற்றிச் செய்தோம். பெரியப்பா பால் கறந்து ஆட்களிடம் கொடுத்துவிட்டு நேராகக் கட்டில் பக்கம் வந்து உட்காருவார். ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பசிக்கிறது என்றார். அண்ணி சாமி அறைக்கு ஓடி விளக்கேற்றினார்.

அன்று மத்தியானம் நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பெரியம்மாவின் சத்தம் கேட்டது. அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. ஓடிப் போனேன். பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்றிருந்தார். பெரியப்பா கையில் பால் டம்ளரோடு வாசற்படிக்குள் நின்றிருந்தார்.

"யாரு இந்த ஆளு? வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து உள்ள வந்து படுக்கைப் பக்கம் நிக்கிறார். கேட்டா என் புருஷன்ங்கிறார். வெளிய போகச் சொல்லு."

நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலுக்குப் போய், அஞ்சடி நடைபாதையில் நின்று பக்கத்துக் கடை பாயைக் கூப்பிட்டார். பாய் நாகூர்ப் பக்கத்துக்காரர். அரிசி பருப்புக் கடை வைத்திருந்தார். பெரியம்மாவைத் தங்கச்சி என்றுதான் அழைப்பார்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க. இந்தாளு என் புருஷன்னு சொல்றார்."

பாய் பெரியப்பாவைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாலையில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பெரியப்பா டம்ளரை இறக்காமல் அப்படியே நின்றார். பெரியம்மாவின் உடம்பு நடுங்குவதைப் பார்த்துத்தானோ என்னவோ, பாய் சட்டென்று சொன்னார்: "பயப்படாதே தங்கச்சி. உன் வீட்டுக்காரர் மாடு வாங்க அக்கரைக்கு, ஜொகூருக்குப் போயிருக்காருல்ல. வர்ற வரைக்கும் மாட்டைப் பாத்துக்க இவரை ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்கார். என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார். நல்ல மனுஷன்."

பெரியம்மாவின் தோள் தளர்ந்தது. "அப்படி முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்றார். பிறகு பெரியப்பா பக்கம் பாதி திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க பெரியவரே. பின்பக்கமாப் போய் உக்காருங்க. சாப்பாடு தர்றேன்" என்றார்.

பெரியப்பா பின்பக்கம் போனார்.

எல்லாருக்கும் குழப்பம் அங்கேதான். பெரியம்மாவுக்கு மற்ற எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. என்னைத் தெரியும், மகனைத் தெரியும், கடை பாயைத் தெரியும், எந்த மாடு எப்போது கன்று போட்டது என்பதும் தெரியும். புருஷனையும் தெரியும். அவர் முகம் எப்படி, நடை எப்படி, என்ன குழம்பு பிடிக்கும் என்று எல்லாம் சொல்வார். எதிரில் நிற்கிறவர்தான் அவர் என்பது மட்டும் தெரியவில்லை. வெள்ளைக்கார டாக்டர் ஒருவரை அண்ணன் அழைத்துவந்தார். அவர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், காய்ச்சல் மூளையைத் தொட்டிருக்கலாம், சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கோயில் குருக்கள் திருநீறு கொடுத்தார். பாய் நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டார். ஒன்றும் மாறவில்லை.

பெரியப்பா தொழுவத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். பெரியம்மா அவருக்குப் பின்வாசல் படியில் இலை போட்டுச் சோறு வைப்பார். கூடுதலாக இன்னொரு தட்டில் சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் எடுத்து மூடிவைப்பார். அது வீட்டுக்காரருக்கு, ஜொகூரிலிருந்து எந்த நேரத்திலும் வரலாம் என்று. மறுநாள் காலையில் அது கழுநீர்த் தொட்டிக்குப் போகும். அதை எடுத்துவந்து தொட்டியில் கொட்டுகிறவரும் பெரியப்பாதான்.

அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. கிராணி உத்தியோகம் பார்க்கிறவர், நாலு பேர் மதிக்கிற குடும்பம், அப்பா தொழுவத்தில் படுக்கிறார் என்றால் எப்படி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அம்மா, நல்லாப் பாரு. இவர்தான் அப்பா. ஜொகூருக்கு யாரும் போகல. பாய் சொன்னது பொய்."

"விடுடா" என்றார் பெரியப்பா.

"நீங்க சும்மா இருங்க. அம்மா, முகத்தைப் பாரு."

பெரியம்மா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் மகனைப் பார்த்து, மிகவும் தாழ்ந்த குரலில், "பெத்த அம்மாவுக்கு வேற ஆம்பளையைக் காட்டி இவன்தான் புருஷன்னு சொல்றியே, உனக்கு என்ன ஆச்சு?" என்றார். சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுவதும் வெளியே வரவில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் பெரியப்பா கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "அம்மா, நான் மாட்டுக்காரன். தம்பி ஏதோ தெரியாம சொல்லிட்டார். நீங்க வந்து சாப்பிடுங்க." அதன் பிறகுதான் கதவு திறந்தது. அண்ணன் மாடியில் உட்கார்ந்து அழுததாக அண்ணி சொன்னார். அப்புறம் வீட்டில் யாரும் உண்மையைச் சொல்ல முயலவில்லை. எது உண்மை என்பதுகூட எனக்குச் சில சமயம் தடுமாறும். "பெரியவருக்கு மோர் குடுத்துட்டு வா" என்று பெரியம்மா சொன்னால், சரி, பெரியவருக்கு என்று எடுத்துக்கொண்டு போவேன். தொழுவத்துக்குப் போய் முகத்தைப் பார்த்ததும் திடுக்கென்றிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். பெரியப்பா பால் செம்போடு பின்னால் வருவார். முன்னால் நடந்தவர் பின்னால் நடந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். பெரியம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டி, வீட்டுக்காரர் பேருக்கு என்பார். பெயரைச் சொல்ல மாட்டார், நட்சத்திரத்தைச் சொல்வார். குருக்களுக்குப் பெயர் தெரியும். "எப்பவும் வேண்டுறதுதான் சாமி. போன இடத்தில உடம்பு நல்லா இருக்கணும். பத்திரமா வந்து சேரணும்." தூணுக்குப் பக்கத்தில் பெரியப்பா நின்று தன் பெயருக்கு நடக்கும் அர்ச்சனையைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிரசாதத்தைக் கொண்டுவந்த குருக்கள் முதல் தடவை பாதி வழியில் நின்றுவிட்டார். யார் பெயருக்குச் செய்ததோ அவர் எதிரே நிற்கிறார், ஆனால் பெரியம்மா கணக்கில் அவர் அங்கே இல்லை. கடைசியில் தேங்காய் மூடியைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா அதில் ஒரு துண்டை உடைத்து, "பெரியவருக்குக் குடு" என்று என் கையில் வைத்தார்.

நாட்கள் போகப்போகப் பெரியம்மாவுக்கு மாட்டுக்காரர்மேல் நம்பிக்கை வந்தது. சாயங்காலக் கறவை நேரத்தில் தொழுவத்து ஓரம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார். நான் ஜன்னலோரம் அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். ஒட்டுக்கேட்க வேண்டும் என்றில்லை, காதில் விழும். அவர் பேச்செல்லாம் வீட்டுக்காரரைப் பற்றித்தான். கப்பலில் வரும்போது வாந்தி எடுத்துக் கிடந்தவளைத் தூக்கி உட்காரவைத்து எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தது. முதல் மாடு வாங்கிய அன்று அதன் கழுத்துக்குக் கட்ட மணி வாங்கிவந்தவர், பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கி வராதது. பெரியம்மா சொல்லச் சொல்ல, தன்னிடம் இதுவரை சொல்லாததை எல்லாம் வேறு யாரோ மாதிரி கேட்டுக்கொண்டு பெரியப்பா கறப்பார். பால் பாத்திரத்தில் விழும் சத்தம் சில இடங்களில் நிற்கும், மறுபடி தொடங்கும்.

ஒரு நாள் பெரியம்மா சொன்னார்: "எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. பையனுக்கு அடுத்தது. பேச ஆரம்பிச்ச வயசு. காய்ச்சல்ல போயிட்டா."

பெரியப்பா கறந்துகொண்டே இருந்தார்.

"அவளை எடுத்துட்டுப் போய்ப் பொதைச்சிட்டு வந்தார். வந்து குளிச்சார். கோயில்ல திருவிழா வேலை இருக்குன்னு கெளம்பிப் போயிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஊருக்கெல்லாம் ஓடிப்போய் நிக்கிற மனுஷன். எனக்கு அன்னிக்கு விட்டுப்போச்சு பெரியவரே. சோறு போட்டேன், துணி தொவைச்சேன், கோயிலுக்குக் கூடப் போனேன். உள்ளுக்குள்ள விட்டுப்போச்சு. இத்தனை வருஷமா அவர்கிட்ட சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

கறக்கும் சத்தம் நின்றிருந்தது. மாடு காலை மாற்றி வைத்தது.

"அவர் அழுதார்ம்மா" என்றார் பெரியப்பா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூட இருந்தேன். கோயிலுக்குப் போகல அன்னிக்கு. ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் போய், கரையில உக்காந்து அழுதார். இருட்டற வரைக்கும் அழுதார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு வீட்டுக்கு வந்தார்."

பெரியம்மா முக்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். "அப்ப அதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத் தெரியலம்மா அவருக்கு. நீங்க அழுதுக்கிட்டிருக்கிற வீட்ல தானும் அழுதா யார் யாரைத் தேத்துறதுன்னு நெனச்சிருப்பார்."

"முட்டாள்" என்றார் பெரியம்மா. திட்டுவதுபோல இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நடந்தது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது நிஜமா, அந்த நிமிஷத்துக்காகச் சொன்னதா என்பதும் தெரியவில்லை. இன்னொருத்தர் வீட்டு விஷயம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்று என் வீட்டுக்காரர் டிராம் வேலை முடிந்து வந்ததும், "நமக்கு ஏதாவது ஆச்சுன்னா என் எதிர்ல அழுவீங்களா?" என்று கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "என்ன பேச்சு இது, சாப்பாடு எடுத்து வை" என்றார்.

சில நாள் கழித்துப் பெரியப்பாவிடமே கேட்டுவிட்டேன். வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"கஷ்டந்தான்" என்றார். வைக்கோலைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். "நான் வீட்ல இல்லாதப்ப அவ எப்படி இருப்பான்னு நான் பாத்ததில்லைம்மா. இப்பப் பாக்கிறேன். சில நாள் அந்த ஜொகூர்க்காரன் மேல எனக்கே பொறாமையா இருக்கு." சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தை மாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரைத் தேற்ற வேண்டுமா, கூடச் சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் நான் வந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, கறந்துகொண்டிருந்தவர் அப்படியே மாட்டின் விலாவில் சாய்ந்தார். பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டு நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்குள் பெரியம்மா ஓடிவந்துவிட்டார். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பெரியவரே, பெரியவரே" என்று கூப்பிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து வாயில் விட்டேன். இறங்கவில்லை. அவர் கண் பெரியம்மாவின் முகத்தில் நிலைத்திருந்தது. பெரியம்மாதான் அதை மூடினார்.

வட்டாரமே வந்தது. அவர் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்றவர்களோடு வேலை செய்த ஆட்கள், டிராம்காரர்கள், பாயின் கடையாட்கள், கோயில்காரர்கள் எல்லாரும் வந்து அஞ்சடியில் நின்றார்கள். பெண்கள் உள்ளே வந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். பெரியம்மா அவர்களைத் தட்டிக்கொடுத்தார். எதற்கு இப்படி அழுகிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியம். "பாவம், நல்ல மனுஷன். நாதியத்தவரா இருந்தாலும் எவ்வளவு பேர் வந்திருக்காங்க பாரு" என்று என்னிடம் சொன்னார்.

அண்ணன் கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பெரியம்மா அவரிடம் போனார்.

"பெரியவருக்குக் கொள்ளி வைக்க யாரும் இல்லைடா. நீ வை."

அண்ணன் தூணை விடவில்லை.

"உனக்கு மனசு வரலன்னு தெரியுது. அப்பா உயிரோட இருக்கிறப்ப எப்படி வைக்கிறதுன்னு யோசிக்கிற. அப்பா வந்தா நான் சொல்லிக்கிறேன். அவர் இருந்தாலும் இதைத்தான் சொல்வார். யாரையும் அநாதையா அனுப்பினதில்ல இந்த வீடு."

"வைக்கிறேம்மா" என்றார் அண்ணன். அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. அவர் அழுவதைப் பார்த்துப் பெரியம்மாவும் அழுதார். எதற்காக அழுகிறோம் என்பதில் அம்மாவும் மகனும் வேறு வேறு இடத்தில் இருந்தார்களா, ஒரே இடத்தில்தானா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கருமாதி நெருங்கியபோது இன்னொரு பேச்சு எழுந்தது. பெரியம்மாவின் கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் குங்குமம் இருக்கிறது, காலையில் எழுந்து மஞ்சள் பூசிக் குளிக்கிறார். அண்ணியின் தாயார் கணவரை இழந்தவர், சடங்குகளில் கறாரானவர். "முறைன்னு ஒண்ணு இருக்கு. அவளுக்குத் தெரியலங்கிறதுக்காக, போன ஆத்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம விடலாமா?" என்றார். அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்றும் தோன்றவில்லை. அண்ணன் மாடிக்குப் போய்விட்டார்.

அந்த அம்மாள் குறித்த நாளில் வந்தார். கூட இரண்டு பெண்கள். பெரியம்மா கொல்லைப்புறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் அவர் எதிரில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வாங்க சம்பந்தி" என்றார் பெரியம்மா. அந்த அம்மாளின் வெறும் நெற்றியைப் பார்த்தார். "உங்களைப் பாக்கிறப்பெல்லாம் நெனச்சுக்குவேன். எப்படித்தான் தனியாத் தாங்குறீங்களோ. எங்க வீட்ல அவர் ஜொகூருக்குப் போனதுக்கே எனக்கு இப்படி இருக்கு." கீரையைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு?"

அந்த அம்மாளிடம் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர் உதடு துடித்தது. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்சநேரம் கழித்துக் கூட வந்த பெண்களைப் பார்த்து, "இன்னிக்கு நாள் சரியில்ல" என்றார். எழுந்து போனவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. நவராத்திரிக்குப் பெரியம்மா வழக்கம்போல எல்லாருக்கும் வெற்றிலை பாக்கு, குங்குமம் கொடுத்தார். சிலர் அந்த வருஷம் வரவில்லை. சிலர் வந்து, தட்டில் வாங்கிக்கொண்டு, நெற்றியில் வைக்காமல் போனார்கள். எனக்கு அவரே நெற்றியில் வைத்துவிட்டார். அறைக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். டிராமில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது, பயந்து அழித்தேன். உடனே அழுகை வந்தது. அவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து நானே மறுபடி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு இரண்டில் எது பாவம் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு நாள் பூத் தொடுத்துக்கொண்டே பெரியம்மா என்னிடம், "அண்ணன்கிட்ட சொல்லி மாடுகளை வித்துடச் சொல்லு" என்றார்.

"ஏன் பெரியம்மா?"

"யார் பாத்துக்குவாங்க? அவர் இனிமே வரமாட்டார்."

அவர் என்று பெரியம்மா வீட்டுக்காரரை மட்டும்தான் சொல்வார். மாட்டுக்காரரைப் பெரியவர் என்பார். "யாரு பெரியம்மா?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். "மாடு கறக்கிறவர்தான், வேற யாரு" என்றார். பூத்தொடுப்பதில் குனிந்துகொண்டார். மேற்கொண்டு கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டிருக்கலாம் என்று சில சமயம் தோன்றும். கேட்காததுதான் சரி என்றும் தோன்றும்.

மாடுகள் போன பிறகு பெரியம்மா அதிக காலம் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. என்ன புடவை கட்டுவது என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் பீரோவைத் திறந்து அரக்குச் சிவப்புப் புடவையை எடுத்துக் கொடுத்தார். அண்ணியின் தாயார் தன் கையாலேயே மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டு, உள்ளே வராமல் வெளியில் உட்கார்ந்தார். முகத்தில் பூசியது நான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அண்ணன் வாசலில் நின்றிருந்தார். "ஒரு நிமிஷம் எனக்கே புத்தி தப்பிடுச்சும்மா" என்றார் என்னிடம். "அப்பாவுக்கு ஆள் அனுப்பணுமே, ஜொகூர்ல எங்க தேடுறதுன்னு நெனச்சிட்டேன்."

பாய் கடையை அடைத்துவிட்டு எங்கள் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு வாயில வந்ததைச் சொன்னேன். அது சரியா தப்பான்னு தொழுகையில கேட்டுக்கிட்டே இருக்கேன், மகளே. உனக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தெரியல பாய்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார்.

அண்ணன் குடும்பம் மலாக்கா பக்கம் வேலைக்குப் போயிற்று. நாங்கள் டிராம் கொட்டகைக்குப் பக்கத்தில் அறை பார்த்துக்கொண்டு போனோம். டிராமே பிறகு நின்றுபோயிற்று. இப்போது குவீன்ஸ்டவுனில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சில வருஷங்களாகின்றன. மத்தியானத்தில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா நாற்காலியை நடையில் போட்டு உட்காருவாள், நானும் போய் உட்காருவேன். எனக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில் என் வீட்டுக்காரரைப் பற்றி அவளிடம் நிறையப் பேசுகிறேன். அவர் செய்தது, செய்யாதது, எனக்கு வலித்தது எல்லாம். அவரிடம் இதில் பாதிகூடச் சொன்னதில்லை. சொல்லிக்கொண்டே இருக்கும்போது, இவளிடம் எதற்கு இதையெல்லாம் சொல்கிறோம் என்று நடுவில் நிறுத்திவிடுவேன். அவள் தலையை ஆட்டி, அப்புறம் என்பாள். மறுபடி சொல்லத் தொடங்குவேன்.